பதினோரு விநாடிக்கு ஒரு தடவை

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, ஒரு சிமெண்டுக் கடையின் மாடியில் இருக்கிறது இனியா வேலை பார்க்கிற ஆபீஸ். கீழே மூட்டை இறக்கினால் மேலே ஜன்னல் கம்பியில் சாம்பலாகத் தூசு படியும். அந்தத் தூசுக்கு நடுவில், உலகத்தில் இன்னும் விற்பனைக்கே வராத, டிவியில் மாட்டி விளையாடுகிற ஒரு கேம் கன்சோல் பூட்டிய அறைக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாமல் இருப்பதும் நல்லதுதான். வெளியே மூச்சு விடக்கூடாது என்று பதினான்கு பக்கத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அறைக்குள் போகிறவர்கள் போனைக்கூட வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இனியாவின் வேலை விளையாடுவது. கேட்பவர்களுக்கு வயிறு எரியும், ஆனால் ஒரே தெருவை ஒரு நாளைக்கு நாற்பது தடவை நடந்து பார்த்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். எங்கே படம் இடறுகிறது, எப்போது இடறுகிறது, எதனால் இடறுகிறது என்று கண்டுபிடித்து எழுதி அனுப்ப வேண்டும். திரையில் ஓடுவதெல்லாம் தனித்தனிப் படங்கள்தான். அதில் ஒரு படத்துக்குப் பேர் ஃபிரேம். விநாடிக்கு அறுபது ஃபிரேம் வந்தால் கண்ணுக்கு எண்ணெய் தடவினாற்போல் வழுக்கிக்கொண்டு போகும். குறைந்தால் விக்கும். திரையின் மேல் மூலையில் பச்சை எழுத்தில் அந்த எண் எப்போதும் தெரிந்துகொண்டே இருக்கும். அது அறுபதில் நின்றால் எல்லோருக்கும் சந்தோஷம், ஐம்பதுக்கு இறங்கினால் சென்னை ஆபீஸில் இருக்கும் ராஜமாணிக்கத்துக்குத் தலைவலி. அவர்தான் இந்த வேலைக்குத் தலைமை.

புது கன்சோல் வருகிறது என்று அறிவித்த நாளிலிருந்து ஜனங்களின் எதிர்பார்ப்புக்கு அளவே இல்லை. அறிவித்தவர்களும் சும்மா இருக்கவில்லை. அறுபதுக்குக் கீழே இறங்கவே இறங்காது என்று மேடை போட்டுச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப்போகிறது? தாங்க வேண்டியது சிமெண்டுக் கடை மாடியில் இருக்கிறவர்கள். மதியம் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே ரேவதி கமெண்டுகளைப் படித்துக் காட்டுவாள். ஆறு மாதத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த பெண், வாய் ஓயாது.

"இத கேளுக்கா. 'புது மெஷின்லயும் முப்பது ஃபிரேம்னா பழசையே வெச்சுக்கறோம்'னு ஒருத்தன் எழுதிக்கீறான். அதுக்கு நாலாயிரம் லைக்கு."

"அவன் கண்ணுக்கு முப்பதும் அறுபதும் வித்தியாசம் தெரியுமாடி?"

"தெரியுதோ இல்லியோ, கம்மின்னு சொன்னா கோவம் வருது இல்ல?"

அது உண்மைதான். கம்மி என்று சொன்னால் யாருக்கும்தான் கோபம் வருகிறது.

விளையாட்டு ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியுடையது. அதில் ஒரே ஒரு அத்தியாயம் இவர்கள் பங்குக்கு வந்திருந்தது. கதாநாயகி துரத்துகிறவர்களிடமிருந்து தப்பி, ஒரு மலையைச் சுற்றிப் போகும் பௌர்ணமிக் கூட்டத்துக்குள் புகுந்து மறைந்துகொள்கிறாள். ஊர்ப் பெயர் எங்கேயும் வராது. ஆனால் திரையில் அந்த மலையைப் பார்த்தால் இந்த ஊர்ப் பச்சைக் குழந்தைகூட அடையாளம் சொல்லிவிடும்.

இனியா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கூட்டத்துக்கு முகம் கிடையாது, வெறும் சாம்பல் நிறப் பொம்மைகள். நானூறு பொம்மைகளும் மலையை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, காலில் செருப்போடு, விறுவிறு என்று போய்க்கொண்டிருந்தன. பார்த்த உடனே அவள் ராஜமாணிக்கத்தைக் கூப்பிட்டுவிட்டாள்.

"சார், மலை வலக்கைப் பக்கம் வரணும். செருப்பும் இருக்கக் கூடாது."

"எந்தப் பக்கம் போனா என்னம்மா, வட்டம்தானே?"

"சாவுக்குத்தான் சார் இடமா சுத்துவாங்க."

மறுநாள் காலையில் நானூறு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, மலைக்கு வலமாகத் திரும்பியிருந்தார்கள். அன்றிலிருந்து அந்த அத்தியாயத்தைப் பொறுத்தவரை இனியா சொன்னதுதான் ராஜமாணிக்கத்துக்கு வேதவாக்கு. அன்றைக்கு அவளுக்கு அது சிரிப்பாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்லி வளவனும் அவளும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வளவன் அவளுடைய கணவன். ஆட்டோ ஓட்டினான். அடி அண்ணாமலையில் வீடு. பொம்மைகளுக்கு முகம் கொடுக்க ஆள் பிடித்தார்களே, அந்த நாற்பத்திரண்டு பேரில் அவனும் ஒருவன். இனியா இந்த வேலையில் சேருவதற்கு முன்னாலேயே நடந்த சங்கதி அது. சென்னையிலிருந்து கான்ட்ராக்டில் நாலைந்து பேர் வந்து, அடி அண்ணாமலைக் கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, வருகிறவர்களைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார்கள். பிறகு உடம்பெல்லாம் சின்னச் சின்ன உருண்டை ஒட்டிய இறுக்கமான கறுப்பு உடுப்பைப் போட்டு நடக்கச் சொல்லி, அந்த நடையைப் பதிந்துகொண்டார்கள். சன்னமான தொப்பையோடு அந்த உடுப்புக்குள் வளவன் நின்ற கோலத்தை எவனோ போட்டோ எடுத்து ஆட்டோ ஸ்டாண்டுக்கு அனுப்பிவிட, ஒரு மாதம் அவனால் அங்கே தலை காட்ட முடியவில்லை.

வளவன் வேகமாக நடக்கிறவன். இனியா மெதுவாக நடக்கிறவள். மாதாமாதம் பௌர்ணமிக்கு இரண்டு பேரும் சுற்றுவார்கள். அவன் பத்துப் பதினைந்து அடி முன்னால் போய்விடுவான். பிறகு நினைவு வந்து திரும்பிப் பார்ப்பான், நடையைத் தளர்த்துவான், அவள் வருகிறாள் என்று தெரிந்ததும் மறுபடி விடுவான் நடையை. அவள் வேண்டுமென்றே நின்றுவிட்டால் அத்தனை கூட்டத்திலும் எதிர்த்து நடந்து திரும்பி வருவான். "இன்னா இனியா, கால் வலிக்குதா?" என்பான். கல்யாணமாகி ஐந்து வருஷமும் இதே கதைதான். கூடவே நடங்களேன் என்று அவள் சொல்லாத பௌர்ணமி கிடையாது. அவனுக்குக் கூடவே நடக்க வரவில்லை, திரும்பிப் பார்க்கத்தான் வந்தது.

மண்டபத்திலும் அதையேதான் செய்தான். பௌர்ணமிக்கு எப்படிச் சுற்றுவீர்களோ அப்படியே நடங்கள் என்று சொன்னதும், "அப்போ இவ பின்னால வரணும்" என்று சொல்லிவிட்டான். சரி, அந்தம்மா கேமராவில் படாமல் ஓரமாக வரட்டும் என்றார்கள். வளவன் நடந்தான், திரும்பினான்.

"நேரா பாத்து நடங்க."

"நேராத்தான் போறேன் சார்."

மறுபடி நடந்தான், மறுபடி திரும்பினான். மூன்றாவது தடவையும் திரும்பியதும் பதிவு செய்கிற ஆள் அலுத்துப்போய், "விடு, இதுவும் நல்லாத்தான் இருக்குது" என்று அப்படியே வைத்துக்கொண்டார். மற்றவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரே நடையைப் போட்டுவிட்டார்கள் என்பதும், வளவனுக்கு மட்டும் அவன் நடையே நின்றுவிட்டது என்பதும் இனியாவுக்கு ரொம்பப் பிற்பாடுதான் தெரிந்தது.

அவளுக்கு இந்த ஆபீஸில் வேலை கிடைத்த அன்று வளவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா, நாளைக்கு நீ என்னையே டெஸ்ட் பண்ணப் போற. என் பேர்ல குறை கிறை எழுதிடாதடி."

"எழுதுவேன். இந்தாளு பொண்டாட்டிய விட்டுட்டு முன்னாடி ஓடறாருன்னு எழுதுவேன்."

அதற்கப்புறம் நாலு மாதம்தான் இருந்தான். சித்திரையில் ஒரு மத்தியானம், பஸ் ஸ்டாண்டு ஓரமாகச் சவாரிக்குக் காத்திருக்கையில் ஆட்டோவுக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். முப்பத்தாறு வயது. தூங்குகிறான் என்று நினைத்துப் பின்னால் இருந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்தாராம். அந்த ஹாரன் சத்தத்தை இனியா நேரில் கேட்கவில்லை, ஆனால் இன்றைக்கும் அவள் காதில் கேட்கிறது.

வேலைக்குத் திரும்பிய இரண்டாவது மாதம், பொம்மைகளுக்கு முகம் வந்தது. புதிதாக அனுப்பியிருந்ததைப் போட்டுவிட்டு அவள் கதாநாயகியைக் கூட்டத்துக்குள் நடத்திக்கொண்டு போனாள். சந்தன நிறச் சட்டை போட்ட ஒருத்தன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். கொஞ்சம் போனான், நடை தளர்ந்தான், திரும்பிப் பார்த்தான்.

இனியாவின் கையிலிருந்து கன்ட்ரோலர் நழுவி மடியில் விழுந்தது. அறைக் கதவு பூட்டியிருந்தது அவளுடைய நல்ல காலம். வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து நிமிர்ந்தபோதும் அவன் போய்க்கொண்டும் திரும்பிக்கொண்டும்தான் இருந்தான். அவளுடைய போனில் வளவனின் வீடியோ ஒன்றுகூடக் கிடையாது. இருக்கிற வீடியோ எல்லாம் அவன் எடுத்தது, அதில் அவள்தான் இருக்கிறாள், அவன் குரல் மட்டும் கேட்கும். நடக்கிற வளவன் இந்த ஒரு அறையில்தான் மிச்சம் இருந்தான். விளையாட்டில் அவனுக்குப் பேர், ஆண் பதினேழு.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. ரேவதி சேர்ந்தது வளவன் போன பிறகு, அவளுக்கு அவனைத் தெரியாது. ராஜமாணிக்கத்துக்கு ஆண் பதினேழு ஒரு கோப்பு. சொன்னால் தினமும் பரிதாபமாகப் பார்ப்பார்கள், பிறகு அந்த அத்தியாயத்தை வேறு யாருக்காவது மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். காலையில் ஒன்பதரைக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதில்தான் அவளுடைய நாளே ஓடிக்கொண்டிருந்தது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

குறை தெரிய வந்தது மாசி மாதம், ஒருவர் மேல் ஒருவர் மோதாமல் ஒதுங்கிப் போகக் கூட்டத்துக்குச் சொல்லிக்கொடுத்த பிறகு. அத்தியாயம் முழுக்க அறுபதில் நிற்கிற எண், கூட்டத்துக்குள் போனதும் நாற்பத்தெட்டுக்கு இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. பங்குனிக் கடைசிக்குள் வெளிநாட்டுக்கு ஒப்படைக்க வேண்டும். அதற்குள் அறுபதில் நிற்கவில்லை என்றால் அத்தியாயத்தையே தூக்கிவிடுவார்கள் என்று ராஜமாணிக்கம் சொன்னார்.

"இன்னொரு மெஷின் இங்க வேற வேலையில மாட்டிக்கிட்டு இருக்கு. நீயே பாத்து எதனாலன்னு சொல்லு. புது மெஷின் எதை வேணா தாங்கும்னு நெனச்சேன்."

எதனால் என்று இனியாவுக்கு இரண்டாவது நாளே தெரிந்துவிட்டது. எண் சும்மா இறங்கவில்லை, சரியாகப் பதினோரு விநாடிக்கு ஒரு தடவை இறங்கியது. வளவன் திரும்பிப் பார்ப்பதும் பதினோரு விநாடிக்கு ஒரு தடவைதான். திரும்பும்போது அவன் நடை தளர்கிறது. அவனுக்குப் பின்னால் வருகிற அத்தனை பேரும் அவன் மேல் மோதாமல் எந்தப் பக்கம் ஒதுங்கலாம் என்று அந்த நொடியில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. முன்னால் ஒருவர் நின்றால் பின்னால் தெருவே முட்டிக்கொள்ளுமே, அதுதான். கதாநாயகி நின்றால் எப்படி ஒதுங்குவது என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்கள், கூட்டத்தில் ஒருவன் நிற்பான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நானூறு பேருக்கும் ஒரே நொடியில் யோசித்துச் சொல்வதற்குள் மெஷினுக்கு மூச்சு வாங்கிவிடுகிறது. எவ்வளவு புது மெஷினாக இருந்தாலும் அந்த நொடியை அதனால் தாங்க முடியவில்லை.

எழுத வேண்டிய வரி ஒன்றே ஒன்று. ஆண் பதினேழு திரும்பிப் பார்ப்பதால். அவள் அதை எழுதவில்லை. "சாலையோர விளக்குகளின் நிழல் அதிகம்" என்று எழுதினாள்.

பொய் என்று முழுசாகச் சொல்லிவிட முடியாது. விளக்கை எடுத்ததும் எண் ஒன்று ஏறத்தான் செய்தது. அடுத்த வாரம் சாம்பிராணிப் புகையை எடுக்கச் சொன்னாள். பிறகு வேப்பமரத்து இலைகளின் அசைவை. பிறகு ரோட்டோரம் படுத்திருந்த பசு மாட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒன்று, ஒன்றரை ஏறியது. வளவனைக் காப்பாற்ற அவள் பௌர்ணமியையே கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கே அது தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

நடுவில் ஒரு நம்பிக்கை இருந்தது. பழைய கன்சோல்களில் இரண்டு விதமாகப் போட்டுக்கொள்ளலாம். எல்லா அழகும் வேண்டும் என்றால் முப்பது, வேகம் வேண்டும் என்றால் அறுபது. முப்பதில் மெஷினுக்கு இரண்டு மடங்கு அவகாசம் கிடைக்கும், வளவன் நிம்மதியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவான். யாரோ சில பேராவது அதில் விளையாடுவார்கள். ராஜமாணிக்கத்திடம் கேட்டாள்.

"புது மெஷினுக்கு அதெல்லாம் கிடையாதாம்மா. ஒரே மோடு, அறுபது. முப்பதுன்னு ஒரு வார்த்தை கண்ணுல பட்டா நெட்டுல கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்கன்னு பயப்படறாங்க."

நாலாயிரம் லைக்கு போட்டவர்களை இனியா அன்றைக்கு மனசார வைதாள்.

அதற்குப் பிறகு அவள் கை வைத்தது மனிதர்கள் மேல். கடைகளையும் அங்கே நிற்பவர்களையும் எடுத்துவிடலாம், கூட்டத்தை நானூறிலிருந்து நூற்றுமுப்பதாகக் குறைக்கலாம் என்று எழுதினாள். எடுத்தார்கள். எண் ஐம்பத்தேழுக்கு ஏறியது. இன்னும் நூறு பேரை எடுத்தால் போதும், அறுபது வந்துவிடும் என்று அதையும் எழுதி அனுப்பினாள். பின்னால் ஒதுங்குவதற்கு ஆளே இல்லை என்றால் வளவன் எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பலாம்.

அந்த மாதப் பௌர்ணமியன்று சாயங்காலம் அவள் வேலை முடிந்து வருகையில் அடி அண்ணாமலையில் ஷேர் ஆட்டோ மேலே போக முடியாமல் நின்றுவிட்டது. கூட்டம் ஆரம்பித்துவிட்டிருந்தது. இறங்கி நடந்தாள். வழியில் சுக்குக் காப்பி விற்கிற கருப்பன் அவளைப் பார்த்துவிட்டார். மண்டபத்தில் போட்டோ எடுத்துக்கொண்ட நாற்பத்திரண்டு பேரில் அவரும் ஒருவர். அன்றைக்கு கேனோடும் டம்ளரோடும் போய் நின்று, இதெல்லாம் சேர்த்து எடுத்தால்தான் ஆச்சு என்று அடம் பிடித்தவர்.

"வாம்மா இனியா. இந்தா, ஒண்ணு குடி. துட்டெல்லாம் வாணாம்."

அவள் வாங்கிக்கொண்டாள். கருப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதுல நான் எப்டிம்மா கீறேன்?"

"எதுல?"

"அதான், உங்க ஆபீஸ் ஆட்டத்துல. எம் பொண்ணு மருமவன் கிட்டல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். வெளிநாட்டுக்காரன்லாம் நம்ம கடையாண்ட வந்துட்டுத்தான் போவான்னு. ஆவி பறக்குதா கேன்ல?"

போன வாரம் செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு அவரை எடுக்கச் சொல்லி எழுதியது அவள்தான். ஆவி மெஷினுக்குச் சுமை என்றும் சேர்த்து எழுதியிருந்தாள்.

"நல்லா இருக்கீங்க," என்றாள். "ஆவி பறக்குது."

கருப்பன் முகத்தில் வந்த சிரிப்பை அவளால் பார்க்க முடியவில்லை. நாற்பத்திரண்டு பேருக்கும் வீடு இருக்கிறது, அவர்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரியாதவள் மாதிரி ஒரு மாதமாக நடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை, அறைக்குள் இருக்கும் ஆபீஸ் போனில் ராஜமாணிக்கம் அழைத்தார். நல்ல மனுஷர், குரலை உயர்த்தவே தெரியாது.

"ஐம்பத்தேழு வந்துட்டோம். இன்னும் நூறு பேரை எடுத்துட்டா அறுபதுன்னு எழுதியிருந்தே. எடுத்து அனுப்பியிருக்கேன், பாரு. ஆனா ஒண்ணு கேக்கணும்னு தோணுச்சு. நான் பௌர்ணமிக்கு அங்க வந்ததே இல்ல. நீதான் ஊர்க்காரி. மலை எந்தக் கைப்பக்கம்னு சண்டை போட்டவ நீ. பௌர்ணமிக்கு இவ்ளோ கம்மியாவா ஆளுங்க வருவாங்க?"

இனியா திரையைப் பார்த்தாள். விளக்கு இல்லாத ரோடு. அசையாத மரம். கடை இருந்த இடத்தில் வெறும் மண். முப்பது பேர் அங்கொருவர் இங்கொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். வளவன் நடந்தான், தளர்ந்தான், திரும்பிப் பார்த்தான். பின்னால் யாருமே இல்லை. அத்தனை பேரையும் எடுத்துவிட்டுப் பார்த்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. அவன் திரும்பிப் பார்க்கிற இடத்தில் வர வேண்டியவள் இந்த ஆட்டத்தில் என்றைக்குமே இருந்ததில்லை. அன்றைக்கு அவளைக் கேமராவில் படாமல் ஓரமாக அல்லவா நடக்கச் சொன்னார்கள்.

"இல்ல சார்," என்றாள். "இவ்ளோ கம்மியா வர மாட்டாங்க. ரோடு தெரியாது சார், தலைதான் தெரியும்."

"அப்போ?"

"நான் தப்பா சொல்லிட்டேன் சார். விளக்கு, புகை, கடை எதுவும் காரணமில்ல. எல்லாத்தையும் திருப்பிப் போட்டுடுங்க. ஆண் பதினேழுன்னு ஒருத்தர் இருக்காரு. அவர் பதினோரு செகண்டுக்கு ஒரு தடவை நின்னு திரும்பறாரு. அவரால பின்னால எல்லாரும் முட்டிக்கிறாங்க. அது ஒண்ணுதான்."

எழுத்திலும் அனுப்பினாள். குறை என்ற கட்டத்தில், ஆண் பதினேழு என்று அடித்தாள். என் பேரில் குறை எழுதிடாதடி என்று அவன் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. இந்தாளு யார் என்று ராஜமாணிக்கத்திடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவரும் கிடந்து சங்கடப்படுவார், அதனால் ஒரு ஃபிரேம்கூட ஏறப்போவதில்லை. ஆளை எடுத்துவிடுவார்கள் என்று அவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

நாலு நாள் கழித்துப் புதுசு வந்தது. கூடவே ராஜமாணிக்கம் பேசினார்.

"சரியாக் கண்டுபிடிச்சே. ஆளை எடுக்கலாம்னுதான் பாத்தேன். நல்ல முகமா இருக்குது, எடுக்க மனசு வரல. இருக்கட்டும்னு விட்டுட்டேன். நீ ஒரு தடவை பாத்து முடிச்சுடு."

இருக்கிறான். எடுக்கவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்ததைப் பார்த்து, "இன்னாக்கா, லாட்டரி கீது அடிச்சுதா?" என்று கேட்டாள் ரேவதி. போனைப் பெட்டியில் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எல்லாம் திரும்பி வந்திருந்தது. விளக்குகள் வரிசையாக எரிந்தன. வேப்பிலை அசைந்தது. பசு மாடு பழைய இடத்திலேயே படுத்து அசை போட்டது. கருப்பன் கேனோடு நின்றார், ஆவி பறந்தது. மலை வலக்கைப் பக்கம் இருந்தது. நானூறு பேர் ரோடே தெரியாதபடி போய்க்கொண்டிருந்தார்கள். பச்சை எழுத்தில் அறுபது அசையாமல் நின்றது. உலகம் எதிர்பார்த்த அறுபது.

சந்தன நிறச் சட்டை முன்னால் போய்க்கொண்டிருந்தது. இனியா கதாநாயகியை அவனுக்குப் பின்னால் பத்தடி விட்டு நடத்தினாள். வழக்கம்போல மனசுக்குள் எண்ணினாள். ஒன்பது, பத்து, பதினொன்று.

அவன் திரும்பவில்லை.

எண்ணியதில் தப்போ என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். பதினொன்று வந்தது, போனது. இருபது வந்தது. அப்போதுதான் அவன் கைகளைக் கவனித்தாள். வளவன் இப்படிக் கை வீசுகிறவன் இல்லை. இது எல்லோருக்கும் போட்டிருக்கிற பொது நடை, யாரோ ஒருத்தருடைய நடை. வளவனின் முகத்தை வைத்துக்கொண்டு யாரோ ஒருத்தர் போய்க்கொண்டிருந்தார். தளரவில்லை, தயங்கவில்லை, யாருக்கும் இடைஞ்சல் இல்லை. படம் எண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது.

இனியா கன்ட்ரோலரிலிருந்து கட்டை விரலை எடுத்தாள். கதாநாயகி கூட்டத்துக்கு நடுவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போனார்கள். சந்தன நிறச் சட்டை இருபதடி போனது, நாற்பதடி போனது. நூறு தலைகளுக்கு நடுவில் ஒரு தலையானது. அவள் நின்றதை அது பார்க்கவில்லை. "இனியா, கால் வலிக்குதா?" என்று கேட்க யாரும் எதிர்த்து நடந்து வரவில்லை. அவன் செத்துப்போன அன்றைக்குக்கூட அவளுக்கு இது இவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை. இன்றைக்குத் தெரிந்தது.

வளைவில் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோதனைத் தாளைத் திறந்தாள். ஃபிரேம் என்ற கட்டத்தில் அறுபது என்று அடித்தாள். அதற்கடுத்த கட்டம் குறை. கொஞ்ச நேரம் விரலை அங்கேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, இல்லை என்று எழுதி அனுப்பினாள்.